பஞ்சாயத்து நாற்காலியும் ஜாதியும்

நமது நாட்டில் ஜனநாயகம் நடக்கின்றதென்றும், மேல்ஜாதி கீழ்ஜாதி, ஏழை பணக்காரன் என்கின்ற வித்தியாசமின்றி ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டென்றும், ஆகையால் இனி ஜாதியைப் பற்றிப் பேசுவது ஆறிப்போன புண்ணைக் கீறுவதாகும் என்றும் சொல்லுகின்ற கனவான்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றார்கள். ஓட்டு வந்தது நிஜந்தான். 1937-ல் மாகாண சட்டசபைக்கு எலெக்ஷன் நடந்தபோது சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்தார்கள். கூலிக்காரனில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. 1951-52-ல் நடந்த முதல் பொது எலெக்ஷனில்தான் 21 வயதானவர்களுக்கெல்லாம் ஓட்டு என்றாயிற்று. 1989-ல் அது 18 வயதாகக் குறைந்தது. இவ்வளவையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டு எங்கே போய் என்ன வேலை செய்கின்றது என்று இந்தக் கனவான்கள் எப்போதாவது பார்த்தார்களா என்றுதான் கேட்கின்றோம்.

கொஞ்சம் பார்ப்போம். டில்லி லோக்சபைக்கு 543 மெம்பர்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 39. சென்னைச் சட்டசபைக்கு 234 மெம்பர்கள். நாம் ஓட்டுப் போடுவது இந்த மெம்பர்களுக்குத்தானே ஒழிய மந்திரிகளுக்கு அல்ல. சட்டசபையில் பாதிக்கு மேல், அதாவது 118 பேருடைய ஆதரவு யாருக்கு இருக்கின்றதோ அவர் முதல் மந்திரி. அவர் பொறுக்குகின்றவர்கள் மற்ற மந்திரிகள். சபையின் நம்பிக்கை போனால் மந்திரிசபையும் போக வேண்டியதுதான். டில்லியிலும் இதே கதை. பார்லிமெண்டு முறை என்பதற்கு இதுவே அர்த்தம். ஆகவே முதல் மந்திரி நாற்காலியிலோ பிரதம மந்திரி நாற்காலியிலோ யாரையும் கிராமத்துக் குடியானவன் நேராக உட்கார வைப்பதில்லை. அவன் ஆளைப் பார்த்து, பெயருக்கு நேரே முத்திரை குத்தி, அதிகார நாற்காலியில் நேராக உட்கார வைப்பது ஒரே ஒருவரைத்தான். அவர்தான் கிராமப் பஞ்சாயத்து பிரசிடெண்டு. பஞ்சாயத்து யூனியன் தலைவரையும் ஜில்லா பஞ்சாயத்துத் தலைவரையுங்கூட அந்தந்த மெம்பர்களே தேர்ந்தெடுக்கின்றார்கள். கிராமப் பிரசிடெண்டுக்குக் கட்சிச் சின்னமும் கிடையாது. ஆள்தான் சின்னம்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 234 சட்டசபைத் தொகுதிகளில் 44-ம், 39 பார்லிமெண்டுத் தொகுதிகளில் 7-ம் ஆதித்திராவிடர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொகுதிகளில் மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளுகின்றவன் ஓட்டுப் போடாமலா இருக்கின்றான்? வரிசையில் நின்று போடுகின்றான். ஆதித்திராவிடர் மெம்பராகின்றார், ஊரில் ஒரு இலை அசைவதில்லை. ஆனால் அதே ஊரில் பஞ்சாயத்து பிரசிடெண்டு ஸ்தானத்தை ஆதித்திராவிடருக்கு ஒதுக்கினால் வானம் இடிந்து விழுகின்றது! இது ஏன்?

காரணம் இரகசியமல்ல. சட்டசபை மெம்பர் சென்னைக்குப் போய்விடுவார். அங்கே அவர் கட்சிக் கொறடா சொன்ன பக்கம் கை தூக்க வேண்டும். மாறித் தூக்கினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் சட்டப்படி பதவி போகும். அவரால் ஊரிலுள்ள பெரிய பண்ணைக்கு என்ன நஷ்டம்? பிரசிடெண்டு அப்படியல்ல. அவர் ஊருக்குள்ளேயே உட்காருவார். வீட்டு வரி ரசீது அவர் ஆபீசில். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு விளக்கு என்பது அவர் தலைமையில் முடிவாகும். பஞ்சாயத்துக் குளத்து மீன், புறம்போக்கு மரம், சந்தை வசூல் இவைகளின் ஏலம் அவர் கையெழுத்தில் நடக்கும். நேற்றுவரை களத்து மேட்டில் கைகட்டி நின்றவரிடம் இன்று மனுவை நீட்ட வேண்டும். இதுதான் பொறுக்கவில்லை.

1992-ல் அரசியல் சட்டம் 73-வது முறை திருத்தப்பட்டு, 1994-ல் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, 1996-ல் எலெக்ஷன் அறிவிக்கப்பட்ட உடனே என்ன நடந்தது? மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும் பத்து வருஷ காலம் பிரசிடெண்டு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு தடவை மனுச் செய்ய ஆள் வர முடியாது. இன்னொரு தடவை ஊர்ப் பெரிய மனிதர்கள் தாங்களே ஒருவரைப் பிடித்து நிறுத்துவார்கள், அவர் ஜெயித்த சூட்டோடு ராஜினாமாவை நீட்டுவார். இப்படியே 2006 அக்டோபர் வரை. ஆனால் அந்தப் பத்து வருஷத்திற்குள் 1998, 1999, 2004-ல் பார்லிமெண்டு எலெக்ஷன்கள் வந்தன. 2001, 2006-ல் சட்டசபை எலெக்ஷன்கள் வந்தன. டில்லிக்கும் சென்னைக்கும் ஜனநாயகம் நடந்துகொண்டேயிருந்தது. சொந்த ஊரில் மட்டும் அதற்கு இடமில்லை.

மேலவளவிலோ காலி நாற்காலியோடு விடவில்லை. மிரட்டலும் ஓட்டுப்பெட்டிப் பறிப்பும் நடந்து, கடைசியாக 1996 டிசம்பர் 31-ந் தேதி எலெக்ஷன் முடிந்து தோழர் முருகேசன் பிரசிடெண்டானார். ஆறு மாதம். 1997 ஜூன் 30-ந் தேதி, பட்டப்பகலில், பஸ்ஸில் ஊர் திரும்பியவரையும் கூட இருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். பிரசிடெண்டானதைத் தவிர அவர் செய்த குற்றம் வேறென்ன? 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல் கோர்ட்டுகளும் அதை ஊர்ஜிதம் செய்தன. பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகின்றோம். தலைவர்களின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடுவதற்காகத் தண்டனை காலத்திற்கு முன்பே விடுதலை என்று 2008-ல் 3 பேரும், 2019 நவம்பரில் 13 பேரும் வெளியே வந்தார்கள். முன்னதும் பின்னதும் வேறு வேறு கட்சிகளின் சர்க்கார்கள். கீழ்த்தட்டில் உயிரைக் கொடுத்துப் பெற்ற நாற்காலிக்கு மேல்தட்டு கொடுத்த மரியாதை இதுவாகும்.

"அதெல்லாம் பழைய காலம், இப்போது மாறிவிட்டது" என்பார்கள். 2020-ஆம் வருஷம் பழைய காலமா? அந்த வருஷம் திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில் ஆதித்திராவிடப் பெண் பிரசிடெண்டு சுதந்தர தினக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். கலெக்டர் நேரில் வந்து நின்ற பிறகுதான் கொடி ஏறிற்று. அதே வருஷம் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பிரசிடெண்டான பெண் தரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை நாடே பார்த்தது. ஒருவருக்கு ஓட்டு உண்டு, பதவி உண்டு, பஞ்சாயத்து முத்திரையும் உண்டு. உட்கார இடம் மட்டும் இல்லை!

வெட்டாமலும் தரையில் உட்கார்த்தாமலும் அதே காரியத்தைச் சாதிக்கின்ற வழியும் ஒன்று இருக்கின்றது. 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி பஞ்சாயத்துப் பணத்துக்கான செக்கில் பிரசிடெண்டும் வைஸ் பிரசிடெண்டும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பிரசிடெண்டு ஸ்தானம் ஒதுக்கப்பட்டது. வைஸ் பிரசிடெண்டு ஸ்தானம் அப்படியல்ல, வார்டு மெம்பர்கள் தேர்ந்தெடுப்பது. மெம்பர்களில் யார் அதிகம் என்று சொல்ல வேண்டுமா? பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். வைஸ் பிரசிடெண்டுக்கு ஒரு நாள் தலைவலி, மறுநாள் கலியாணம், அடுத்த வாரம் காது குத்து. குழாய் ரிப்பேராகாது. ஊரார் "இவர் வந்து என்ன கிழித்தார்?" என்பார்கள். கேட்கின்றவர்களில் பாதிப்பேருக்குச் செக்கின் சங்கதி தெரியாது. மீதிப்பேருக்கு நன்றாகத் தெரியும்.

இனி நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. தாழ்ந்த பிறப்புக்காரன் உயர்ந்தவனோடு சமமாக ஆசனத்தில் உட்கார எண்ணினால் இடுப்பில் சூடு போட்டு ஊரைவிட்டுத் துரத்த வேண்டுமென்று மனுதர்ம சாஸ்திரம் எட்டாவது அத்தியாயத்தில் விதித்திருக்கின்றது. அந்தப் புஸ்தகத்தைக் கொளுத்த நாம் மேடை போட்டோம். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் மேலே சொன்ன ஊர்களில் அந்த விதியை எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டியவன் யார்? பஞ்சாங்கம் பார்க்கின்ற பார்ப்பானா? அக்கிரகாரமே இல்லாத ஊர்களில், அதே சாஸ்திரத்தால் சூத்திரன் என்று இழிவுபடுத்தப்பட்டவனே இதைச் செய்தான். தன் தலைமேல் இருப்பவனைத் திட்டுவதற்குச் சுயமரியாதை, தன் காலடியில் இருப்பவனை மிதிப்பதற்கு மனுதர்மம் என்று இரண்டு கடை வைத்திருப்பவன் நமது இயக்கத்துக்கு வேண்டாதவன். அவன் சந்தாவும் நமக்கு வேண்டாம்.

கிராமம் என்றால் பழைய பெருமை, ஆலமரத்தடி நியாயம் என்று உருகுகின்ற பெரியவர்களும் இருக்கின்றார்கள். கிராமம் என்பது அறியாமையும் ஜாதிவெறியும் தேங்கிய குட்டையே என்கின்ற கருத்தை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே டாக்டர் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். அப்போது கோபித்துக்கொண்டவர்கள் மேலவளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்களா? ஆலமரத்தடி இன்னும் போகவில்லை. பிரசிடெண்டு பதவியை ஊர்க் கோவிலில் வைத்து ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் எடுத்துக்கொள்ளும் சேதிகள் பஞ்சாயத்து எலெக்ஷன் தோறும் பத்திரிகைகளில் வருகின்றன. இது சட்ட விரோதம் என்று எலெக்ஷன் கமிஷன் சொல்லத்தான் செய்கின்றது. ஓட்டு உங்களுடையது, விற்றவன் தர்மகர்த்தா, வாங்கியவன் பணக்காரன், லாபம் சாமிக்கு. சாமிக்கு எதற்கய்யா பஞ்சாயத்து பிரசிடெண்டு பதவி?

தோழர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட வேண்டும். ஓட்டராக இருக்கின்ற எவரும் அங்கே போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். போங்கள். பிரசிடெண்டு எதில் உட்கார்ந்திருக்கின்றார், எத்தனை செக்குகள் இரண்டாவது கையெழுத்துக்காகக் கிடக்கின்றன, குளத்து ஏலம் யார் பேரில் போயிற்று என்பதைக் கேட்டுக் குறித்து நமக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுகின்றோம்.