சாரதியின் நித்திரையும் எமது சுற்றுலாக்களும்

சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர் என்ற வாக்கியத்தை, பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றிய காலத்தில் எத்தனை தடவைகள் செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நீண்ட விடுமுறைகள் முடிந்ததும் பிரதேச நிருபர்களிடமிருந்து இச்செய்தி வந்து சேரும். ஊரும் பெயர்களும் மாறும், வாக்கியம் மாறாது.

அந்த வாக்கியம் பொய்யானதல்ல. ஆனால், அது பாதி உண்மையை மாத்திரமே கூறுகின்றது என்பது எனது அபிப்பிராயம். சாரதி ஏன் நித்திரையின்றி இருந்தார், அந்த நிலையில் அவரை வாகனம் செலுத்த வைத்தவர்கள் யார் என்ற வினாக்களை அது எழுப்புவதில்லை.

ஹோட்டன் சமவெளியில் கூடாரமடித்துத் தங்கிவரும் பயணம் ஒன்றை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலுள்ள அவ்விடத்தில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும். பாட்டும் பேச்சுமாக நள்ளிரவைத் தாண்டிவிடுவார்கள். காலை 9, 10 மணியளவில் உலக முடிவைப் பனிமூட்டம் மூடிவிடும் என்பதால் 5 மணிக்கே எழும்பிவிட வேண்டும். பிறகு சுமார் 9 கிலோமீற்றர் நடை. அதன் பின்னர் கூடாரங்களைக் கழற்றி மடித்து ஏற்றி, நுவரெலியாவில் மரக்கறி வாங்கி, ஹற்றன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்பை நோக்கி இறங்கும்போது இருட்டிவிடும். இரவு 10 மணிக்கு அந்தச் சாரதி 17 மணித்தியாலங்கள் விழித்திருந்தவராகின்றார். அதற்கு முந்திய இரவிலும் அவர் ஒழுங்காக உறங்கியவரல்லர்.

தொடர்ந்து 17 மணித்தியாலங்கள் விழித்திருப்பவரின் செயற்றிறன், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றது என்பதை ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினார்கள். பல நாடுகளில் சாரதிகளுக்கு விதிக்கப்பட்டிருக்கும் எல்லையே அதுதான். குடித்தவரைப் பலூனை ஊதவைத்துப் பிடித்துவிடலாம். நித்திரையற்றவரைப் பிடிப்பதற்கு வீதியோரப் பொலிஸாரிடம் அத்தகைய கருவி எதுவுமில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் சாரதி நான்கு செக்கன்கள் கண்ணயர்ந்தால், அவ்வாகனம் ஏறத்தாழ 67 மீற்றர் தூரத்தை ஓட்டுநர் இல்லாமலேயே கடந்துவிடும். மலைநாட்டு வீதிகளில் அந்தத் தூரத்திற்குள் எத்தனை வளைவுகள் என்பதை அவ்வழியே சென்றவர்கள் அறிவார்கள்.

2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகரசபை ஊழியர்களின் பேருந்து எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியாகினர். இவற்றை நித்திரையின் தலையில் கட்டிவிட நான் முற்படவில்லை. இருட்டில் மலையிறங்கும் பயணம் எவ்வளவு சிறிய தவறையும் மன்னிக்காது என்பதற்காகவே இங்கு குறிப்பிடுகின்றேன்.

எமது சுற்றுலாக்களில் போகும் பயணத்திற்கே திட்டம் தீட்டப்படுகின்றது. எங்கே தங்குவது, என்ன சமைப்பது என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். திரும்பும் பயணத்தை மீதமிருக்கும் நேரத்திற்கு விட்டுவிடுவார்கள். வாடகை வானைக் கொண்டுவந்த சாரதிக்குச் சாப்பாடு உண்டு. படுக்கை பெரும்பாலும் கிடையாது. அவர் வானின் ஆசனத்திலேயே முடங்கிக்கொள்வார். மறுநாள் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் அவரது கைகளில் இருக்கும் என்பதை எவரும் நினைப்பதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் இதுவே கதை. கனடாவில் செப்டெம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையுடன் கோடைக்கால முகாம்கள் முடிய, அல்கொன்குயின் போன்ற வனப் பூங்காக்களிலிருந்து ரொறன்ரோவை நோக்கி வாகனங்கள் வரிசைகட்டும். அங்கே வளைவுகளுக்குப் பதிலாக முடிவற்ற நேர்வீதி. சலிப்பூட்டும் நேர்வீதியும் நித்திரைக்கு உற்ற நண்பனே.

பரிகாரம் கடினமானதல்ல. கூடாரங்களைக் காலையிலேயே கழற்றி, பகல் வெளிச்சத்தில் மலையிறங்கிவிட வேண்டும். சாரதிக்கு உரிய படுக்கையைப் பயணச் செலவில் முதலாவதாக எழுதவேண்டும். கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு தேநீர் அருந்தி, இருபது நிமிடங்கள் உறங்கவேண்டும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவதும் நித்திரையை ஏமாற்றும் முயற்சிகளே; அது ஏமாறாது. முடிந்தால் விடுமுறையில் ஒரு நாளைக் குறைத்து, அந்த நாளை வீட்டில் கழியுங்கள்.

நித்திரைக் கலக்கம் சாரதிக்கு வருவது உண்மைதான். ஆனால், அதனைத் தயாரித்துக் கொடுப்பவர்கள் பின்னாசனங்களில் குறட்டைவிட்டபடி வருகின்றவர்களே. விபத்துச் செய்தியில் அவர்களின் பொறுப்பு ஒருபோதும் இடம்பெறுவதில்லை. இறந்தவர்களின் பட்டியலில் அவர்களின் பெயர்கள் இடம்பெற்றுவிடுகின்றன.