நூலகம் என்று எழுதிய சட்டத்தில் இணையம் ஏன் இல்லை?

இந்தியாவின் ஏழைப் பள்ளிகளுக்கு இணையம் அவசியம்தானா என்ற கேள்வி நம் ஆய்வுலகில் அண்மைக் காலமாக ஒரு நாகரிகமான ஐயமாக உலவி வருகிறது. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையை மேற்கோள் காட்டுகிறார்கள். அச்சுப் பாடநூலுக்குத் திரும்பும் சுவீடனைச் சுட்டுகிறார்கள். "முதலில் ஆசிரியர், பிறகு கழிப்பறை, அதன்பின் பார்க்கலாம் இணையத்தை" என்று முடிக்கிறார்கள். கருத்தரங்க அறையின் வைஃபை வழியாக அந்த அறிக்கையைத் தரவிறக்கிக்கொண்டேதான் இதைச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

அந்த அறிக்கையை முழுதும் படித்தவர்கள் இப்படிப் பேச இயலாது. கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி வருகிறது என்பதே அது எழுப்பும் கேள்வி. உலகின் தொடக்கப் பள்ளிகளில் 40 விழுக்காட்டுக்கு மட்டுமே இணைய இணைப்பு இருக்கிறது என்று சொல்வதும் அதே அறிக்கைதான். திரை மிகுந்து திணறும் வகுப்பறைக்குச் சொன்ன எச்சரிக்கையைத் திரையையே காணாத வகுப்பறைக்குப் பொருத்துவது, மிகையாக உண்டவனுக்கு எழுதிய மருந்துச் சீட்டைப் பட்டினி கிடப்பவன் கையில் திணிப்பதற்கு ஒப்பாகும். இதை ஆய்வுத் தெளிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நிலை என்ன? அரசின் யுடைஸ் பிளஸ் தரவுகளின்படி 2019-20இல் இணைய வசதி பெற்ற பள்ளிகள் ஏறத்தாழ 22 விழுக்காடு. 2023-24இல் 53.9. 2024-25இல் 63.5. வளர்ச்சி உண்மையானது, அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் ஏறத்தாழ 14.7 லட்சம் பள்ளிகள் உள்ள நாட்டில், எஞ்சியிருப்பவை ஐந்து லட்சத்துக்கும் மேல். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பள்ளியில் இணையம் இருக்கிறது என்று இந்த விழுக்காடு சொல்கிறது. அது யாருடைய மேசையில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

களப்பணிக்காகச் சென்ற ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே தலைமையாசிரியர் நாள்தோறும் பதினொன்றரை மணியளவில் வகுப்பை விட்டுவிட்டு, கட்டடத்தின் பின்புற மேட்டில் ஏறி நிற்பார். அலைபேசிக்குச் சைகை கிடைக்கும் ஒரே இடம் அது. மதிய உணவு உண்போர் எண்ணிக்கையை அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். ஆசிரியர் வருகைப் பதிவு, மாணவரின் 'அபார்' அடையாள எண், யுடைஸ் படிவம் எல்லாமே இணையம் வழியாகத்தான். அலைபேசி அவருடையது, தரவுக் கட்டணமும் அவருடையது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி "எரிமலை வெடிப்பதைக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்டபோது, அன்றைய தரவு தீர்ந்துவிட்டது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளி அந்த ஆண்டுப் படிவத்தில் 'இணைய வசதி உண்டு' என்று குறித்திருந்தது.

அரசு பள்ளியிலிருந்து இணையத்தை வாங்கிக்கொள்கிறது, பள்ளிக்குக் கொடுப்பதில்லை. கணக்குகள் மேல்நோக்கிப் போவதற்கு வழி இருந்தாக வேண்டும் என்பதில் எந்த அதிகாரிக்கும் ஐயமில்லை. 'முதலில் கழிப்பறை, பிறகு செயலி' என்று யாரும் அறிவிக்கை விட்டதில்லை. அறிவு கீழ்நோக்கி வரவேண்டும் என்று கேட்கும்போது மட்டும் முன்னுரிமைப் பட்டியல் விரிக்கப்படுகிறது. 2017இல் 'தீக்ஷா' தளத்தைத் தொடங்கி, பாடநூலின் பக்கங்களில் விரைவுக் குறியீடுகளை அச்சிட்டுவிட்டு, அவற்றைத் திறக்கும் வழியைப் பெற்றோரின் பணப்பையிடம் விட்டுவிட்டோம். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வுக்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்க இயலும். பள்ளி கற்பிக்காத ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் வாயில் கேட்கிறது.

"இன்று எல்லார் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். வீட்டில் இருக்கிறது, மெய்தான். யாருடையது? 2023ஆம் ஆண்டு ஏசர் ஆய்வு ஊரகங்களில் 14 முதல் 18 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்டது. திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினர் தமக்கெனக் கருவி வைத்திருந்தார்கள், பெண்களில் 19.8. வீட்டுக் கைப்பேசியை நம்பிக் கல்வியை அமைப்பது, அண்ணனுக்குப் பிறகு தங்கை என்ற பழைய பந்தி வரிசையை அரசின் கொள்கையாக்குவதே. அடுத்த ஆண்டின் ஏசர் ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. 14 முதல் 16 வயதினரில் முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்குக் கைப்பேசியைப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. கல்வி தொடர்பான ஏதேனும் ஒன்றுக்குப் பயன்படுத்தியவர்கள் 57. இதைக் காட்டி "பாருங்கள், இணையம் கெடுக்கிறது" என்பார்கள். நான் இதையே எதிர்த்திசையில் வாசிக்கிறேன். இணையம் பிள்ளைகளை வந்தடைந்துவிட்டது. ஆசிரியர் உடனில்லாமல் வந்தடைந்தது. தேடுவதையும், கிடைத்ததை ஐயுறுவதையும், பொய்யைப் பிரித்தறிவதையும் கற்றுத்தர ஒரு வகுப்பறை வேண்டாமா?

இனி சட்டம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பாக ஓர் அட்டவணை உண்டு. பள்ளிக்கு எவை இருந்தாக வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது: எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், குடிநீர், ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி. அதே பட்டியலில், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாளும் பருவ இதழ்களும் எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கழிப்பறையா நூலகமா என்று சட்டம் வரையறுத்தவர்கள் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார்கள். அந்த நூலகத்தின் இன்றைய பொருளில் இணையம் அடங்கும். இதற்கு நாடாளுமன்றம் கூடித் திருத்தச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. அட்டவணையில் சேர்க்கவும் நீக்கவும் சட்டத்தின் 20ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஓர் அறிவிக்கை போதும்.

மாறாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரு வாக்குறுதி. ஊரகங்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பாரத்நெட் வழியே பிராட்பேண்ட் இணைப்பு என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. வரவேற்கிறேன். ஆனால் சட்டம் கல்வியை உரிமையாக்கியிருப்பது 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை. எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளிகள் இந்த வாக்குறுதிக்கு வெளியே. உரிமை உள்ள வகுப்புக்கு இணைப்பில்லை. இணைப்பு வரவிருக்கும் வகுப்பில் உரிமையில்லை.

நீதிமன்றம் பேசவில்லையா? பேசியது. விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைப்பேசிக்கு விதித்த தடையை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. அன்று காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டு ஆறு வாரங்கள் கடந்திருந்தன. அங்கு 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். பெருந்தொற்றின் முதல் ஆண்டு முழுவதும் 2ஜி வேகத்தில் பாடம் கேட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தத் தீர்ப்பைத் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் நாம் அந்தப் பிள்ளைகளை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.

கேட்க வேண்டியவை இரண்டு. 20ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை. அதற்கான பணம் பள்ளியின் பெயரில், ஆசிரியரின் பையிலிருந்து அன்று. அடுத்து, யுடைஸ் படிவத்தில் 'இணைய வசதி உண்டா' என்பதை ஒட்டி இன்னொரு கேள்வி: சென்ற வாரம் மாணவர்கள் அதை எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள்?