அடுத்த ஊருக்கு அரை உலகம்

எனக்கு ஒரு வேண்டாத பழக்கம். தூக்கம் வராத இரவுகளில் கணினியில் வரைபடத்தைத் திறந்து, ஆயுளில் போகவே போகாத இரண்டு ஊர்களுக்கு இடையே வான்வழித் தூரத்தை அளந்துகொண்டிருப்பேன். போன வாரம் சிக்கியவை நோம், புரோவிதேனியா. முன்னது அலாஸ்காவில், பின்னது ரஷ்யாவின் சுகோத்காவில். இரண்டுமே ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே. நடுவில் பெரிங் கடல்.

தூரம் சுமார் 375 கி.மீ. வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படங்கள் சிலவற்றில் ஒன்று இடது கோடியிலும் மற்றது வலது கோடியிலும் கிடக்கும். உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் இரண்டும் எதிரெதிர்க் கரை என்பது விளங்குகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் இடைவெளி 111 கி.மீ.; இந்த ஊர்கள் இருக்கும் 64-ஆம் பாகையில் அது 48 கி.மீ.தான்.

விமானத்துக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் வழியில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுகிறது. கோடையில் நோமிலிருந்து திங்கள் காலை 10 மணிக்குக் கிளம்பினால், செவ்வாய் காலை 7 மணிக்கு இறங்கலாம். செவ்வாய் 10 மணிக்குத் திரும்பக் கிளம்பினால், திங்கள் பிற்பகல் 3 மணிக்கு வீடு வந்துவிடலாம்!

இந்தக் கடலின் இரு கரையிலும் யூப்பிக் மக்கள் வாழ்கிறார்கள். ஒரே மொழி, கொண்டு கொடுத்த உறவுகள். அலாஸ்காவை 1867இல் அமெரிக்கா விலைக்கு வாங்கியபோது நடுவே எல்லை விழுந்தது; ஆனாலும் போக்குவரத்து நின்றுவிடவில்லை. 1948இல் பனிப்போர் கதவைச் சாத்தியது. அண்ணன் ஒரு நாட்டில், தம்பி மறு நாட்டில். நாற்பது ஆண்டுகள்.

1987இல் லின் காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண், இரு நாட்டு டயோமீட் தீவுகளுக்கு இடையே உறைகுளிர் நீரில் நீந்திக் கடந்தார். மறு ஆண்டு ஜூன் 13 அன்று நோமிலிருந்து ஒரு 'நட்பு விமானம்' புரோவிதேனியாவில் இறங்கியது. அதில் போன யூப்பிக் முதியவர்கள் சிலர், இளமையில் பிரிந்த சொந்தங்களின் முகத்தை மறுபடி பார்த்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் வாடகை விமானங்கள் போய்வந்தன.

2022இல் உக்ரைன் போர் மூண்ட பின் அமெரிக்காவும் ரஷ்யாவும் தத்தம் வான்வெளியை ஒன்றுக்கொன்று மூடிக்கொண்டன. இப்போது நோம்வாசி ஒருவர் எதிர்க்கரைக்குப் போக வேண்டுமென்றால், ஆங்கரேஜ் வந்து, மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றி மாஸ்கோ சேர்ந்து, அங்கிருந்து ரஷ்யாவின் முழு அகலத்தையும் தாண்டி அனாதிரில் இறங்கி, பிறகு புரோவிதேனியாவுக்கு வழி தேட வேண்டும்.

என் கணினி மட்டும் இன்னும் 375 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது.