கடனில் பிறக்கலாமா கிறிஸ்துமஸ்?

தீபாவளி விளக்கு அணைந்த சில நாட்களிலேயே கோலாலம்பூர் பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரம் நிமிர்ந்துவிடுகிறது. பட்டணம் போகாதவன் தப்பினான் என்று சொல்லவும் வழியில்லை. நவம்பர் 11 மலிவு, டிசம்பர் 12 மலிவு என்று கைத்தொலைபேசி லயத்து வாசலுக்கே கடையைக் கொண்டுவந்துவிட்டது. இன்று எடுத்துக்கொள், பிறகு தவணையில் கட்டு என்று ஆசை காட்டுகிறது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் நம் கிறிஸ்தவத் தொழிலாளர் குடும்பங்கள் இதைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை திருவருகைக் காலம் என்று வகுத்திருக்கிறது. ஆகமன காலம் என்பது பெரியவர்கள் வழக்கு. அது கொண்டாட்டக் காலமன்று, ஆயத்தக் காலம். குருவானவர் ஊதா உடை அணிவது அதனால்தான். முற்காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளுக்குப் பின் நோன்பே இருந்தார்கள். தன் மேலாடையை இரண்டாக வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதியைக் கொடுத்தவர் என்று போற்றப்படுபவர் அந்த மார்ட்டின். அவருடைய நாளைத்தான் இன்று வியாபாரிகள் மலிவு நாளாக்கியிருக்கிறார்கள்!

நம் இந்து சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துமலைக்குக் காவடி எடுப்பவர் முதலில் விரதம் இருக்கிறார். விரதமில்லாமல் தோளில் ஏற்றிய காவடி வெறும் சுமை. ஆயத்தமில்லாத கிறிஸ்துமஸும் அப்படியே.

பரிசு கொடுப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். அவர் திருநாள் டிசம்பர் 6. திருவருகைக் காலத்துக்குள்ளேயே வருவது. சீதனம் கொடுக்க வழியின்றி மூன்று பெண்களை வைத்துக்கொண்டு தவித்த ஓர் ஏழைத் தகப்பன் வீட்டில், இரவோடு இரவாக, யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபு. அந்த நிக்கோலாஸ்தான் பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனார். 1931ஆம் ஆண்டு தொடங்கி ஒரு குளிர்பானக் கம்பெனியின் விளம்பரப் படங்கள் அவரை உலகமெங்கும் பரப்பின. ஏழையின் இக்கட்டைத் தீர்த்த கையை, ஏழையைக் கடனில் தள்ளும் கையாக மாற்றிவிட்டது வியாபாரம்!

நான் தோட்டத்துக் கிராணி. கணக்கில்லாமல் பேசத் தெரியாது. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால் மிச்சம் 1,513. சொக்சோவும் மற்றப் பிடித்தங்களும் இன்னும் உண்டு. அரிசி, பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதில் 300 வெள்ளிக்குப் பரிசுப் பொட்டலம் என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஒரே இரவில் கிழிந்து குப்பைக்குப் போகிறது. 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. டிசம்பரில் பொம்மை வாங்கிய கை, ஜனவரியில் சீருடைக்கும் சப்பாத்துக்கும் யாரிடம் நீளும்? ரப்பர் காலத்தில், மழையால் பால்வெட்டு நின்ற நாட்களின் பற்று எல்லாம் கடைக்காரரின் 555 புத்தகத்தில் ஏறியது. இன்று அந்தப் புத்தகம் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: கடைக்காரருக்கு நம் முகம் தெரியும்; இதற்குத் தெரியாது.

"ஏழைக் குழந்தைக்கு மட்டும் ஆசை இருக்கக் கூடாதா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தைக்குப் புதுச் சட்டையும் வேண்டும், பொம்மையும் வேண்டும். அதற்குத் தகுந்த சம்பளத்தைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் வேலை. பெறும் வரையில், பெறாத பணத்தைச் செலவழிப்பது முதலாளிக்கு நஷ்டமன்று, நமக்கே நஷ்டம். கடன்பட்டவன் குரல் பேச்சுவார்த்தை மேசையிலும் தாழ்ந்தே ஒலிக்கும்.

லூக்கா நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படுவது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்க, இரண்டு உடை உள்ளவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்கிறார் யோவான். வரி தண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் வாங்கலாகாது என்கிறார். இது கோயிலுக்குள் மட்டும் சொல்லும் செய்தியா? வட்டிக்காரர் கேட்க வேண்டிய செய்தி. முதலாளிமாரும் கேட்க வேண்டிய செய்தி.

ஆகவே நாம் செய்யக்கூடியது என்ன? முதல் ஞாயிறு, கணவனும் மனைவியும் உட்கார்ந்து பற்று வரவு பார்க்கட்டும். இரண்டாம் ஞாயிறு, சிறு கடன் ஒன்றையாவது தீர்க்கட்டும். மூன்றாம் ஞாயிறு, லயத்துக்கு ஓர் உண்டியல் வைத்து, முடிந்ததைப் போட்டு, எந்த மதத்துப் பிள்ளையானாலும் பள்ளிச் சப்பாத்து இல்லாத பிள்ளைக்கு ஒதுக்கட்டும். நான்காம் ஞாயிறு, சொந்தபந்தங்கள் பெயர்ச்சீட்டு எடுத்து, ஆளுக்கு ஒரு பரிசு என்று முடிவு செய்யட்டும். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகை வளையம்கூட ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான். 1839இல் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை வைத்து அதைத் தொடங்கினார் விச்சர்ன் என்ற போதகர். நமக்கும் விலை கொடுத்து வாங்கும் அலங்காரம் தேவையில்லை.

பெஸ்தாரி ஜெயாவில் உள்ள ஆலயம் வனத்துச் சின்னப்பர் பெயரில் அமைந்தது. காகம் கொண்டுவந்த ரொட்டியை உண்டு வனத்தில் வாழ்ந்தவர் அவர் என்பது மரபு. அவரை வணங்கும் ஊரில் ஆடம்பரத்துக்குக் கடன் வாங்குவது பொருந்துமா?

காத்திருப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. புக்கிட் தாகார், சுங்கை திங்கி உள்ளிட்ட ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். காத்திருந்த காலமெல்லாம் ஒன்றுகூடிக் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். காத்திருத்தல் என்றால் கைகட்டி நிற்பதன்று, ஆயத்தப்படுவது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரை வரவேற்கக் கடன் சீட்டு வேண்டாம், தோழர்களே. கடனற்ற வீடும், பகிரும் கையும் போதும்!