கடவுச்சீட்டு மொழியும் கதை மொழியும்

நோர்வேக்குச் செல்லும் எண்ணத்துடன் அந்நாட்டு மொழியை ஆசிரியரின்றித் தானே கற்கத் தொடங்கும் திருகோணமலை இளைஞன் முதலிற் பயில்வது எதனை? கோப்பி கேட்பது, வாடகைக்கு வீடு விசாரிப்பது, வைத்தியரிடம் வயிற்றுவலியை விளக்குவது, வேலை தருபவர் முன் தன்னை அறிமுகப்படுத்துவது. கைத்தொலைபேசியிலே கிடைக்கும் பாடங்களும் சரி, உறவினர் அனுப்பிவைக்கும் பாடநூல்களும் சரி, இவ்வட்டத்தை விட்டு வெளியே வருவது அரிது. இதிற் குற்றங்காண எதுவுமில்லை. கடல் கடந்து பிழைக்கச் செல்பவனுக்கு வயிறே முதல் இலக்கணம். 2022 ஒக்டோபர் தொடக்கம் நோர்வேஜியக் குடியுரிமைக்கு வேண்டிய பேச்சுத் தேர்ச்சியின் தரமும் உயர்த்தப்பட்டுள்ளது. எனவே பரீட்சைக்கு வேண்டியதைப் படிப்பதே புத்தி என்று கற்பவனும் நினைக்கிறான், அவனுக்குப் பணம் அனுப்பும் மாமனாரும் நினைக்கிறார்.

ஆயினும், ஒரு மொழியைக் குடிவரவு அலுவலகத்தின் படிக்கட்டு வரை சுமந்து சென்று அங்கேயே இறக்கி வைத்துவிடும் இம்மனப்பாங்கு கண்டிக்கப்பட வேண்டியதே. ஏனெனில் திருகோணமலைச் சிறுவனுக்கு வாய்க்காத ஒரு செல்வம் அம்மொழியிலே உண்டு. அந்நிய இராணுவமொன்று தம் நாட்டை ஐந்தாண்டுகள் பிடித்து வைத்திருந்த கதையை நோர்வேஜியர் தம் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் மொழியிலேயே எழுதிக் கொடுத்திருக்கின்றனர். இத்துறைமுகத்தின் பிள்ளைகளுக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்தவர் யார்?

மொழி கடினமானது என்பது வெறுஞ் சாட்டு. நோர்வேஜிய வினைச்சொல் எழுவாயின் பாலுக்கோ எண்ணுக்கோ இடத்துக்கோ மாறுவதில்லை. தமிழ் வினைமுற்றுகளைப் பிழையின்றி எழுதப் பழகிய ஒருவன் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எழுத்து வழக்கு இரண்டு உண்டென்பது மெய்தான். புக்மோல் என்பது டேனிய ஆட்சிக் காலத்து எழுத்துமொழியிலிருந்து வளர்ந்தது. நீநொர்ஷ்க் என்பது, ஊரூராக நடந்து பேச்சுவழக்குகளைத் திரட்டிய ஈவர் ஓசன் 19 ஆம் நூற்றாண்டில் அமைத்த மொழியின் வழிவந்தது. 1885 இல் இரண்டுக்கும் சம உரிமை வழங்கப்பட்டது. வீட்டில் ஒரு தமிழும் வினாத்தாளில் ஒரு தமிழும் எழுதி வளர்ந்தவருக்கு இதிலே புதுமை என்ன இருக்கிறது?

புதுமையானது வேறொன்று. சுட்டுப் பொருளை நோர்வேஜியம் பெயர்ச்சொல்லின் ஈற்றிலே விகுதியாக ஒட்டுகிறது. ‘கிரீக்’ என்றால் போர். ‘கிரீகென்’ என்றால் அந்தப் போர். இது முதற் கிழமைப் பாடத்திலேயே வந்துவிடும் இலக்கணம். ஆனால் அந்நாட்டு முதியவர் ஒருவர் ‘கிரீகென்’ என்று சொன்னால், எந்தப் போர் என்று எவரும் கேட்பதில்லை. 1940 முதல் 1945 வரை நிகழ்ந்ததையே அச்சொல் குறிக்கும். ஒரேயொரு விகுதியால் ஒரு தலைமுறையின் துன்பத்துக்குப் பெயரிட்டுவிட்டனர். திருகோணமலையிலோ முப்பதாண்டுப் போருக்கு மக்கள் வழங்கும் பெயர் ‘பிரச்சினை’. “பிரச்சினைக் காலத்திலே ஐயா காணாமற் போனவர்” என்று பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. கணக்குப் பாடத்தில் வருவதும் பிரச்சினை, தண்ணீர்க் குழாயில் வருவதும் பிரச்சினை, தகப்பனைக் கொண்டுபோனதும் பிரச்சினை! பெயரே இடப்படாத ஒன்றைப் பற்றிப் பிள்ளை எவ்வாறு கேள்வி கேட்கும்?

நோர்வேஜியர் தம் போரை எண்ணத் தொடங்கும் நாள் 1940 ஏப்ரல் 9. அன்று அதிகாலை ஜேர்மன் படைகள் அந்நாட்டுத் துறைமுகங்களுள் நுழைந்தன. சரியாக இரண்டாண்டுகளின் பின், 1942 ஏப்ரல் 9 காலை, யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின்மீது விமானமொன்று வீழ, அக்குதம் நாட்கணக்கில் எரிந்தது. ‘சகாயிங்’ என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றித் துறைமுகத்திலேயே கைவிடப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மீஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. அதே ஏப்ரல் மாதத்தில் நோர்வேயில் மற்றொரு கப்பல் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் அடைக்கப்பட்டிருந்தோர் ஆசிரியர்கள். ஆக்கிரமிப்பாளரின் ஆதரவு பெற்ற குவிஸ்லிங் ஆட்சி அமைத்த சங்கத்திற் சேர மறுத்துப் பல்லாயிரம் ஆசிரியர்கள் கடிதம் எழுதினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுட் பலர் வட எல்லையிலுள்ள கிர்க்கெனெஸ் நகருக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். பாடத்திட்டத்தின் பொருட்டுச் சிறை சென்ற ஆசிரியர்! விரிவுரையாளர்கள் ஒருமுறை நின்று நினைக்கத்தக்க செய்தி இது.

திருகோணமலையை யப்பானியர் பிடிக்கவில்லையே, பின் ஆக்கிரமிப்பு என்ற பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். யப்பானியர் பிடிக்கவில்லை என்பது மெய். ஏற்கெனவே பிடித்திருந்தவர் இருந்தனர் என்பதும் மெய். 1620 இல் டேனியர் வந்து கால்வைத்தனர். டென்மார்க்கும் நோர்வேயும் அக்காலத்தில் ஒரே முடியின்கீழ் இருந்தன என்பதை நோர்வேஜியம் கற்போர் நினைவிற் கொள்க. பின்னர் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று கைமாறிய துறைமுகத்தின் கடற்படைத் தளம் 1957 இலேதான் இலங்கையிடம் வந்தது. முந்நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் பிறரின் பீரங்கி வாயில் இருந்த ஊர் இது. இவ்வூரிலே பிள்ளைகளுக்கான போர்க்கதை மரபொன்று உருவாகவில்லை.

மூதூரிற் பிறந்த வ. அ. இராசரத்தினம் கொட்டியாரக் குடாவின் மாந்தரை ஆக்க இலக்கியமாக்கினார். ‘தோணி’ யை அறியாத ஈழத்து வாசகர் இலர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்கெனப் பாடினார். ஆனால் முன்னவர் எழுதியது வளர்ந்தோருக்கு, பின்னவர் பாடியது கூழும் கொழுக்கட்டையும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு. பதுங்குகுழியில் இருந்த பிள்ளை இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போயிற்று. 2018 இல் கடற்படையினர் ‘சகாயிங்’ கப்பலைக் கடலடியிலிருந்து மேலே கொணர்ந்தனர். இரும்பு வந்தது, கதை வரவில்லை. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 குதங்களை 61, 14, 24 எனப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டபோது பெரியவர்கள் அனைவரும் கணக்குப் பார்த்தனர். எரிந்த குதத்தைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கமேனும் எழுத எவருக்கும் தோன்றவில்லை.

எத்தகைய கதை வேண்டும் என்பதிலே இன்னுமொரு சண்டை இருக்கிறது. நோர்வேயின் ஆக்கிரமிப்பைப் பற்றி ஆங்கில உலகில் மிகப் புகழ்பெற்ற சிறுவர் நாவல், அமெரிக்கரான மேரி மக்ஸ்விகன் 1942 இல் எழுதிய ‘பனிப் புதையல்’. பிள்ளைகள் தம் சறுக்குவண்டிகளில் நாட்டின் பொன்னை மறைத்து ஜேர்மன் சிப்பாய்களின் கண்முன்னே கொண்டு செல்கின்றனர். சுவையான கதை. 1940 இல் நோர்வேயின் மத்திய வங்கிப் பொன், ஏறத்தாழ 50 தொன், நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டது உண்மை. பிள்ளைகள் அதைச் சறுக்கிக் கொண்டு சென்றமைக்குச் சான்று கிடைத்திலது. ஆங்கிலம் போதும், நோர்வேஜியம் எதற்கு என்போர் இதனைக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலம் முதலிற் கொடுத்தது வீரக்கதையை. வெட்கக்கதை நோர்வேஜியத்திலேதான் எழுதப்பட வேண்டியிருந்தது.

அந்த வெட்கம் யாது? 1942 நவம்பர் 26 அன்று ‘டோனாவ்’ என்ற கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட யூதர் ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் அவுஷ்விட்சில் மாண்டனர். அவர்களை வீடு வீடாகச் சென்று பிடித்தோர் ஜேர்மானியர் மட்டும் அல்லர், நோர்வேஜியப் பொலிசார். இதற்காக நோர்வேயின் பிரதமர் யென்ஸ் ஸ்தோல்தென்பர்க் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது 2012 ஜனவரியில். அதே 2012 இல் மாயா லுண்டே ‘எல்லைக்கு அப்பால்’ என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு சிறுவர் நாவலை எழுதினார். தம் வீட்டில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த இரு யூதப் பிள்ளைகளைச் சுவீடன் எல்லைக்குக் கொண்டு சேர்க்கப் புறப்படும் இரு நோர்வேஜியப் பிள்ளைகளின் கதை அது. பிள்ளைகள் அஞ்ச வேண்டியது அந்நியச் சீருடைக்கு மாத்திரம் அன்று என்பதே இத்தகைய கதைகளின் முதுகெலும்பு. ஓர் அரசு தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள எழுபது ஆண்டுகள் எடுத்தன.

தமிழருக்கும் எழுபது ஆண்டுகள் வேண்டுமா?

இக்கேள்வி சிலருக்குக் கசக்கும். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரிலே தொண்டு நிறுவனப் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டதையும் எழுதலாம் என்று அவர்கள் உடனே ஒப்புக்கொள்வர். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே காலத்தில் மூதூர் கிழக்கிலே தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் இயக்கத்தினராலேயே படைக்குச் சேர்க்கப்பட்டதை எழுதலாமா என்றால் தொண்டையைச் செருமுவர். அதே ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடியதை எழுதலாமா என்றால் “இப்போது அதற்கு நேரமில்லை” என்பர். தன் பக்கத்து வெட்கத்தை நீக்கிவிட்டு எழுதப்படும் சிறுவர் கதை சறுக்குவண்டிப் பொன்னே ஆகும்: பார்க்கப் பளபளக்கும், கையில் எடுத்தால் சான்று இராது.

மற்றொரு தடையுரை ‘பிஞ்சு உள்ளம்’ என்பது. பிள்ளைகளுக்குப் போரைச் சொன்னால் மனம் நொந்துவிடுமாம். ஆண்டுதோறும் சூரன்போரன்று தலைகள் ஒவ்வொன்றாக விழுவதைத் தகப்பனின் தோள்மேல் அமர்ந்து பார்த்துக் கைதட்டும் அதே பிஞ்சு உள்ளந்தான்! அபிமன்யு சக்கரவியூகத்திற் சிக்கி மாண்டதைக் கேட்டு உறங்கிய அதே உள்ளந்தான். 2006 இல் சம்பூரை விட்டு ஓடிக் கிளிவெட்டி முகாமிலே தகரக் கூரையின்கீழ் எழுத்துப் பழகிய பிள்ளையின் மனத்தை யார் எதிலிருந்து காப்பாற்றப் போகின்றனர்? 2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் நிலம் மீள அளிக்கப்பட்டபோது அப்பிள்ளை தன் வீடு எங்கே என்று அடையாளங் காண முடியாத வயதை அடைந்திருந்தது. அதற்குப் போர் தெரியாது என்பது பெரியவர்கள் தமக்குத் தாமே சொல்லும் தாலாட்டு.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்தம் கைச்சாத்தாயிற்று. கண்காணிப்புக் குழுவின் அலுவலகம் திருகோணமலையிலும் இயங்கிற்று. ஒரு சாரார் அவர்களை நண்பர் என்றனர், ஒரு சாரார் புலிக்குத் துணைபோவோர் என்றனர். அவ்வெள்ளை வாகனங்களில் வந்தோரின் பாட்டன்மாரும் இடம்பெயர்ந்தவர்களா என்று எத்தனை பேர் விசாரித்தனர்? 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் ஃபின்மார்க் மாகாணத்து மீனவர் ஊர்களை வீடு விடாமல் எரித்தனர். ஏறத்தாழ 50,000 பேர் வலிந்து வெளியேற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் குகைகளிலும் புல்வேய்ந்த குடில்களிலும் மாரியைக் கழித்தனர். பியோர்ணவாத்ன் இரும்புச் சுரங்கத்தினுள் ஏறத்தாழ 3000 பேர் தஞ்சம் புகுந்தனர். அவ்விருட்டிலே குழந்தைகளும் பிறந்தன. எண்பதுகளில் அகதிகளாகச் சென்ற தமிழர் பலருக்கு மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது இதே ஃபின்மார்க்கின் ஊர்களிலேதான். எரிந்த ஊர் மீளக் கட்டிய தெருக்களில், எரிந்த ஊரிலிருந்து வந்தோர் குடியேறினர். அயலவனின் கதையை அவனுடைய மொழியிற் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது, அவர்களின் பிள்ளைகளுக்கு இன்றும் இருக்கிறது. அங்கே பள்ளியிற் படித்த தமிழ்ப் பிள்ளை இருமொழியும் அறிந்தது. அதன் உதவியுடன் இங்குள்ள மாணவன் ஒருவன் ஒரு சிறுவர் நாவலை நேரே தமிழாக்குவது இயலாத காரியம் அன்று. பரீட்சைக்கு மனப்பாடஞ் செய்யும் வாக்கியங்களை விட அது மொழியை நன்றாகவே கற்பிக்கும். சிறுவர் கதையின் வாக்கியம் குறுகியது, சொல் எளியது, அடுத்த பக்கத்தைத் திருப்பும் ஆவல் வேறு எப்பாடநூலிலும் இல்லாதது.

1942 இல் பத்து வயதுப் பிள்ளையாய் இருந்து குதம் எரிந்ததைக் கண்டோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. 2006 இல் ஏழு எட்டு வயதினராக இருந்தோர் இன்று இருபதுகளில் நிற்கின்றனர். அவர்களுட் சிலர் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் இருக்கின்றனர். ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் காதலுக்கும் சீதனத்துக்கும் கொடுக்கும் பரிசுகளுள் ஒன்றையேனும், பத்து வயது வாசகருக்கென எழுதப்படும் போர்க்கதைக்கு ஒதுக்கிவைக்கட்டும். விதி இரண்டு போதும். கதையிலே ‘பிரச்சினை’ என்ற சொல் வரலாகாது. எழுதுபவரின் சொந்தப் பக்கம் செய்த ஒரு தவறாயினும் அதிலே இடம்பெற வேண்டும்.