அறுந்த கயிறும் ஆழ்கடற் சுழியோடியும்

கடலில் மூழ்குபவனுக்கு ஆபத்து அடியிலேதான் காத்திருக்கிறது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். சுறா, அழுத்தம், காற்றுத் தீர்ந்துபோதல் என்பனவே அவனுடைய பகைகள் என்று நாம் கருதிக்கொள்கிறோம். ஆயின், மூழ்கும் வேலையைப் பழுதின்றி முடித்து, காயமெதுவுமின்றி நீர்மட்டத்துக்கு வந்து, அங்கே தன்னைக் காண எவருமின்றி மாண்ட சுழியோடிகளும் உளர். இவர்களைக் கொன்றது ஆழமன்று; பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் போனமையே. தன்னை அறிவிக்கும் சாதனமின்றி எச்சுழியோடியும் நீரில் இறங்கலாகாது என்பதும், அச்சாதனத்தை அளிக்கும் கடமை அவனுடைய உழைப்பாற் பயன்பெறுவோரையே சாரும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மன்னார்க் கடலில், சிலாவத்துறை, அரிப்பு ஆகிய இடங்களை அண்டி நடைபெற்ற முத்துக்குளிப்பில் மூழ்குபவனுக்கு ஒரு கயிறு இருந்தது. கல்லின் துணையால் அவன் அடிக்குச் செல்வான். படகில் நிற்பவன் கயிற்றைக் கையிற் பிடித்திருப்பான். கயிறு அசைக்கப்பட்டதும் அவனை மேலே இழுப்பான். அத்தொழில் ஒன்றும் பொற்காலத் தொழிலன்று. அரசும் வணிகரும் கொழுத்த அத்தொழிலில் மூழ்கியவனின் வாழ்வு மலிவானதாகவே இருந்தது. எனினும் ஓர் உண்மையை மறுத்தலியலாது: கீழே இருப்பவன் ஒருவன், அவனுக்குப் பொறுப்பாக மேலே இருப்பவன் ஒருவன், இருவரையும் இணைக்கக் கயிறொன்று. பின்னர் வந்த தலைக்கவசச் சுழியோடிக்கும் இத்தகைய கயிறு இருந்தது. ஓரிழுப்பு, ஈரிழுப்பு என அதற்கொரு மொழியும் இருந்தது.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி இக்கயிற்றை அறுத்தது. முதுகில் காற்றைச் சுமந்தவன் மீனைப்போல் எத்திசையும் செல்லலானான். மனிதன் பெற்ற பெரும் விடுதலைகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதலையைப் போற்றியவர்கள், கயிற்றோடு சேர்ந்து அறுந்துபோன பொறுப்பைப் பற்றிச் சிந்திக்கவில்லை. இன்று அறிவிப்புச் சாதனம் எனப்படுவது வேறொன்றுமன்று. அறுந்த அக்கயிற்றுக்கு ஈடாக நாம் கொடுக்கவேண்டிய பொருளே அது.

ஈடு ஏன் வேண்டும் என்பதைக் கணக்கே கூறும். சிறு படகில் நிற்பவனின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் இருப்பின், அவனுடைய அடிவானம் 5 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும். ஆனால் மிதப்பவனின் தலை நீருக்கு மேல் ஒரு சாண் அளவே தெரியும். அரை மீற்றர் அலையும் அதனை மறைத்துவிடும். வெயில் நீரிற்பட்டுத் தெறிக்கும் வேளையில், சில நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள கருந்தலையைத் தேங்காயிலிருந்து பிரித்தறிதல் அரிது. நீரோட்டமோ காத்திருப்பதில்லை. மணிக்கு 2 கடல்மைல் வேகமான ஓட்டம் ஒருவனை ஒரு மணித்தியாலத்தில் 3.7 கிலோமீற்றர் கொண்டுசெல்லும். அவன் சென்ற திசை தெரியாவிடின் அப்போது தேடவேண்டிய பரப்பு 43 சதுர கிலோமீற்றர். இரண்டாவது மணி முடிவில் அது 172 ஆகிவிடும். நேரம் இரட்டிக்கும்போது பரப்பு நான்கு மடங்காகிறது. எனவே முதற் சில நிமிடங்களில் தன்னைக் காட்டுதலே உயிர் காக்கும் வழி என்பது வெளிப்படை.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. முதலாவது, திறமையுள்ளவனுக்கு இவை வேண்டியதில்லை என்பது. அனுபவசாலி நீரோட்டத்தை அறிவான், படகோட்டி குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பான், பிறகென்ன அச்சம் என்று கேட்கின்றனர். இவ்வாதம் வீரத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றிக் கடலைப் பற்றிப் பேசவில்லை. காற்றெழுந்து நீர் கலங்கியதும் குமிழி மறைந்துவிடும். அன்றியும், தவறு எப்போதும் சுழியோடியினுடையதன்று. 1998 சனவரி 25ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் அமெரிக்கத் தம்பதியர் இருவரை மறந்து படகு கரைக்குத் திரும்பியது. தலைகளை எண்ணியதில் நேர்ந்த பிழை அது. அவர்களைக் காணவில்லை என்பது இரு நாள்களின் பின்னரே உணரப்பட்டது, அவர்கள் மீளவேயில்லை. 2004 ஏப்பிரலில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஒருவர் நீரோட்டத்தில் இழுபட்டு மிதந்துகொண்டிருக்க, படகின் பதிவேடு அவர் திரும்பிவிட்டதாகக் கூறிற்று. பாய்க்கப்பலொன்றிற் சென்ற சாரணச் சிறுவனொருவனின் கண்ணிற் பட்டமையாலேயே சில மணி நேரத்தின் பின் அவர் உயிர் தப்பினார். பதிவேடு பொய்த்த இடத்தில் எந்தத் திறமை உதவும்? 2014 பெப்ரவரியில் பாலித்தீவை அண்டிய கடலில் ஜப்பானியப் பெண்கள் எழுவர் காணாமற் போயினர். அவர்களுள் பயிற்றுநர்களும் இருந்தனர். நாள்கள் சில கழித்து ஐவர் உயிருடன் மீட்கப்பட்டனர்; இருவர் மாண்டனர்.

இரண்டாவது வாதம் இதற்கு நேரெதிரானது. விஞ்ஞானம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது, விலையுயர்ந்த இலத்திரனியற் கருவியொன்றை வாங்கினாற் போதும் என்பது அது. செய்மதி வழியான தேடல் மீட்பு முறை போற்றத்தக்கதே. கெடுபிடிப் போர்க் காலத்திலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடாவுடனும் பிரான்சுடனும் கூடி அதனை உருவாக்கின. 1982 முதல் அது உயிர்களைக் காத்துவருகிறது. 406 மெகாஹேர்ட்ஸ் அலையில் ஒலிபரப்பும் கையடக்கக் கருவியை நீர்புகாப் பேழையில் வைத்துச் சுழியோடி கொண்டுசெல்லலாம். ஆனால் உப்புநீர் வானொலி அலையை விழுங்கிவிடும். மேலே வந்த பின்னரே கருவி பேசும். அது அனுப்பும் செய்தியும் செய்மதி, தரைநிலையம், மீட்பு நிலையம் எனச் சுற்றியே வரும். அதன் பின்னர்தான் படகு புறப்படும். அண்மையிலுள்ள கலங்களை நேரே அழைக்கும் வேறு கருவிகளும் உள. அவ்வழைப்பை ஏற்கும் வாங்கி இல்லாத சிறு படகுக்கு அவற்றாற் பயனில்லை. ஆகவே இலத்திரனியற் கருவி இறுதித் துணை, அதுவே முதற்றுணையாகாது.

முதற்றுணைகள் எளியவை. ஒன்றரை மீற்றர் நீளமான செம்மஞ்சள் நிறக் காற்றுக்குழாய் ஒன்று, அதனுடன் இணைந்த நூற்சுருள், விசில், சிறு கண்ணாடி, இரவுக்கு மின்னும் விளக்கு. இவை அனைத்தும் ஒரு சட்டைப்பைக்குள் அடங்குவன. ஆழத்தில் இருந்தபடியே குழாயில் காற்றூதி நூலோடு மேலே விட்டால், சுழியோடி எழுமுன்னரே அவன் எங்கே எழுவான் என்பதைப் படகோட்டி அறிந்துகொள்வான். பழைய கயிறு இங்கே நூலாக மீண்டு வருகிறது. கண்ணாடியில் தெறிக்கும் வெயில் பல கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரியும். விசிலொலியை இயந்திரத்தின் இரைச்சல் அமுக்கிவிடக்கூடும். முகிற்பொழுதிற் கண்ணாடி பயன்படாது. ஒன்று தவறுமிடத்தில் மற்றொன்று வேண்டும் என்பதனாலேயே ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கொள்ளுமாறு கூறுகிறோம்.

மூன்றாவது வாதமே மிகக் கொடியது. அதனை எவரும் வெளிப்படையாகக் கூறுவதில்லை, நடைமுறையே கூறிவிடுகிறது. இவையெல்லாம் உல்லாசப் பயணிகளுக்குரியவை, தொழிலாளிக்கு எதற்கு என்பதே அது. ஸ்கூபா என்றதும் திருகோணமலையிற் பவளம் பார்க்க இறங்கும் வெளிநாட்டவரையோ, 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைக் காணச் செல்பவரையோதான் நாம் நினைக்கிறோம். ஆயின் நமது வடமேற்கு, வடக்கு, கிழக்குக் கடல்களிற் சிலிண்டர் சுமந்து இறங்குவோரிற் பலர் கடலட்டையும் சங்கும் எடுக்கும் கூலிச் சுழியோடிகள். அவர்கள் அள்ளும் அட்டை நம் உணவன்று; ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தைகளுக்குச் செல்வது. கரையோரத்தில் அட்டை அருகிவர, அவர்கள் மேலும் ஆழத்துக்கும் மேலும் தொலைவுக்கும் தள்ளப்படுகின்றனர். அடியில் ஒவ்வொருவனும் தன்னந்தனியே தேடித் திரிவதால் ‘துணைவனோடு மூழ்கு’ என்னும் பாடநூல் விதியும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே உல்லாசத்துக்கு இறங்குபவனிலும் உழைப்புக்கு இறங்குபவனுக்கே இச்சாதனம் கூடுதலாக வேண்டும்.

“அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்” என்பாரும் உளர். எடுத்த அட்டையின் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவன், குழாய் வாங்குவதா அரிசி வாங்குவதா என்று தெரியவேண்டிய நிலையில் எதனைத் தெரிவான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படகுக்கும் இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் முதலிடும் சம்மாட்டி, அவற்றோடு ஒப்பிடின் அற்பமான இச்செலவையும் முதலோடு சேர்த்தல் வேண்டும். ஏற்றுமதியால் இலாபம் பெறும் வணிகரும் இதிற் பங்கேற்றல் வேண்டும். அட்டை எடுக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் அரசு, படகொன்றுக்கு இத்தனை குழாய், இத்தனை விசில், இத்தனை விளக்கு என்பதை அப்பத்திரத்தின் நிபந்தனையாக்கி, அவை படகில் உண்மையாகவே உள்ளனவா என்று துறையிலேயே பார்த்தல் வேண்டும். காகிதத்தில் இருக்கும் விசில் ஒலிக்காது.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதிற் பங்குண்டு. கடலட்டையின் வகைகளையும் இருப்பையும் கணக்கிடும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன, அவை வேண்டியனவே. அட்டையை எண்ணும் நாம் அதை எடுக்க இறங்கியவனையும் எண்ணுதல் முறையாகும். எத்தனை பேர் இறங்கினர், எத்தனை பேர் ஏறினர் என்னும் ஏடு ஒவ்வொரு படகிலும் இருக்கவேண்டும். குழாயை ஊதவும் நூலைச் சிக்கின்றி விடவும் தமிழிற் பயிற்சியளிக்கும் சிறு கையேடொன்றை ஆக்குதல் நம்மால் இயலாததன்று.

முத்துக்குளித்தவனின் கயிற்றைப் பிடித்திருந்தவன் தன் கை சோர்ந்ததென்று கயிற்றை விட்டிருப்பின், ஊர் அவனைக் கொலைஞன் என்றிருக்கும். இன்று கயிறே இல்லாமல் மனிதரைக் கடலுக்கு அனுப்புகிறோம். எவரும் எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. “கடல் கொண்டுபோயிற்று” என்று கூறி அமைகிறோம். கடல்மீது பழி சுமத்துமுன், அவன் சட்டைப்பையில் நாம் என்ன வைத்து அனுப்பினோம் என்று கேட்போமாக.