துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்



2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி மாண்டனர். 28 உயிர்கள் பலியாயின. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எவரையும் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துவிட்டது. ஆனால் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கடையநல்லூரிலும், நம் இல்லங்களுக்குள் வேறொரு சங்கிலி இன்னும் அவிழவில்லை.

உறக்கமின்றி, உணவின்றி ஒருவர் சோர்ந்து கிடந்தால், "ஈமான் பலவீனம்" என்கிறோம், ஜின் என்கிறோம். வீட்டுப் பெண்ணாயின், சம்பந்தம் தடைபடுமென்று அஞ்சி மறைக்கிறோம். இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. எம்மிடம் ஓதிப்பார்க்க அழைத்துவரப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குப் பல மாதங்கள் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். மருத்துவரிடமும் காட்டுங்கள் என்று ஒரு சொல் சொன்னோமில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வையுங்கள் என்று கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நிவாரணமின்றி எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்றும் அவர்களே அறிவித்தார்கள். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முஸ்லிம் அறிஞர். மருந்தை நாடுவது ஈமானுக்கு இழுக்கென்று நமக்கு யார் சொன்னது?

மருத்துவர்களிடமும் ஒரு முறையீடு உண்டு. அந்தப் பெண் பின்னர் மருத்துவமனை சென்று, "வஸ்வாஸ் வருகிறது" என்றபோது மருத்துவர் நகைத்தார். அவள் மீண்டும் அங்கே செல்லவில்லை. வேறொரு பெண் மருத்துவரோ, "வஸ்வாஸ் என்றால் என்னம்மா?" என்று வினவிப் பொறுமையுடன் செவிமடுத்தார். அன்றுதான் சிகிச்சை தொடங்கிற்று. நோயாளியின் மொழியை எள்ளுபவர், நோயை எவ்வாறு அறிவார்? ரமலானில் மாத்திரை நேரத்தை எவ்வாறு அமைப்பது, நோன்பை விடுவதற்கான சலுகை எவருக்கு என்பவற்றையெல்லாம் மருத்துவரும் ஆலிமும் கலந்து பேசினால் என்ன?

ஏர்வாடியிலேயே பின்னாளில் துஆவும் மருந்தும் இணைந்த திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அவ்வழி நம் மஹல்லாக்களுக்கும் வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எழுதி வைக்கட்டும். இமாம்கள் ஒரு ஜும்ஆ பயானையேனும் இதற்கென ஒதுக்கட்டும். ஓதிப்பார்க்கும் நாமோ, ஓதி முடித்த கையோடு, "மருத்துவரிடமும் காட்டுங்கள்" என்று சொல்லியே அனுப்புவோம்.

துஆவை விடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டச் சொல்கிறோம். மனிதரை அன்று.